யாரும் விரட்டாமல் ஒரு வேலையைச் செய்வது எப்படி?

மே மாதம், மதியம் இரண்டு மணி, தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, வீட்டுக்குள்ளிருந்து அம்மா "உள்ள வாடா" என்று கத்துகிறார், இன்னொரு தடவை பந்து காம்பவுண்டுக்குள் விழுந்தால் தரமாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கனவே சொல்லிவிட்டார். ஆடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆடினால் யாரும் எதுவும் தரப்போவதில்லை, சொல்லப்போனால் ஆட்டத்தை நிறுத்தத்தான் ஊரே முயற்சி செய்கிறது, இருந்தும் இருட்டும் வரை அது நிற்காது. அதே பையனை "நல்லா ஆடறான், ஸ்டேட் லெவல் போனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் கிடைக்கும்" என்று ஃபீஸ் கட்டிக் கோச்சிங்கில் சேர்த்துப் பாருங்கள். சிலர் அங்கேயும் ஜம்மென்று வளர்வார்கள். சிலருக்கு ஆறு மாதத்தில் காலையில் எழுப்பினாலே வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும்.

எதற்காகச் செய்கிறோம் என்பதை வைத்து ஊக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவது உளவியலில் வழக்கம். செய்வதே பிடித்திருப்பதால் செய்வது உள்ளார்ந்த ஊக்கம். செய்தால் ஏதோ கிடைக்கும், செய்யாவிட்டால் ஏதோ போய்விடும் என்பதற்காகச் செய்வது வெளி ஊக்கம்: சம்பளம், மார்க், பரிசு, திட்டு, அவமானம் எல்லாம் இந்தப் பக்கம். இவ்வளவுதான் என்றால் நீங்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஆனால் இந்த இரண்டும் சேரும்போது கணக்கு நாம் நினைக்கிற மாதிரி கூடுவதில்லை. பிடித்த வேலைக்குப் பரிசும் கொடுத்தால் ஆர்வம் இரட்டிப்பாகும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? பல நேரங்களில் அது குறைகிறது.

இதற்கான முதல் தடயம் குரங்குகளிடமிருந்து வந்தது. 1949 வாக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் ரீசஸ் குரங்குகளின் கூண்டுக்குள் ஒரு சின்னப் பூட்டுப் புதிரை வைத்தார். ஒரு ஊசியை இழுக்க வேண்டும், ஒரு கொக்கியைக் கழற்ற வேண்டும், பிறகு கீல் வைத்த தகட்டைத் தூக்க வேண்டும். திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பசி, தாகம், பரிசு, தண்டனை இவைதான் உயிரினங்களை இயக்குகின்றன என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அதன்படி குரங்கு அந்தப் பூட்டைத் தொடவே கூடாது. ஆனால் அவை தொட்டன, நோண்டின, நாளாக ஆகக் கைதேர்ந்து போயின. பிறகு புதிரில் தீனி வைத்துப் பார்த்தபோது தவறுகள் கூடின, தீனியை எடுத்தபின் பழைய ஆர்வமும் பழையபடி இல்லை. ஹார்லோ இதை எழுதி வெளியிட்டார், உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

காசு கொடுத்தால் ஆர்வம் குறையுமா?

இருபது வருடம் கழித்து எட்வர்ட் டெசி என்ற இளம் ஆய்வாளர் அதே கேள்வியை மனிதர்களிடம் எடுத்துப் போனார். சோமா என்று ஒரு புதிர் உண்டு. ஏழு மரத்துண்டுகள், சேர்த்தால் மூன்றுக்கு மூன்று கனசதுரம் வரும், விதவிதமான வேறு உருவங்களும் வரும், கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. கல்லூரி மாணவர்களைத் தனித்தனியாக மூன்று தடவை உட்காரவைத்து, படத்தில் இருக்கிற உருவங்களைச் செய்யச் சொன்னார். இரண்டாவது தடவை மட்டும் பாதிப் பேருக்கு, முடிக்கிற ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு டாலர். மற்றவர்களுக்கு எப்போதுமே காசு கிடையாது.

உண்மையான சோதனை நடந்தது புதிர் நேரத்தில் இல்லை, இடைவேளையில். ஒவ்வொரு அமர்விலும் நடுவில் ஒரு சாக்குச் சொல்லி ஆய்வாளர் எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார், போய் ஒருவழிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் பத்திரிகைகள் கிடக்கும். என்ன வேண்டுமானாலும் செய்யலாம். காசு வாங்காதவர்கள் மூன்றாவது தடவையும் சும்மா இருக்கும் நேரத்தில் புதிரை நோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். போன தடவை காசு வாங்கி, இந்தத் தடவை காசு இல்லை என்று ஆனவர்கள்தான் முன்பைவிடக் குறைவான நேரம் புதிரைத் தொட்டார்கள். 1971ல் வெளியான இந்த ஆய்வு சின்னது, இதை மட்டும் வைத்து எதையும் சாதிக்க முடியாது. ஆனால் அடுத்து வந்தது இன்னும் தெளிவாக இருந்தது.

1973ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும், ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைய ஏற்கனவே ஆசையுள்ள குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம் "வரைந்தால் உனக்குச் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள்: தங்க நிற நட்சத்திரம், ரிப்பன், குழந்தையின் பெயர் எல்லாம் இருக்கும் அதில். இரண்டாவது பிரிவு எதையும் எதிர்பார்க்காமல் வரைந்து, முடித்தபின் அதே சான்றிதழைப் பெற்றது. மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பறையில் பேனாக்களை வைத்துவிட்டு, யார் தாமாகவே போய் எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பேரம் பேசி வரைந்த குழந்தைகள் மற்ற இரண்டு பிரிவினரைவிடக் கிட்டத்தட்டப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். திடீர்ப் பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் துளியும் குறையவில்லை.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள், ஏனென்றால் "பரிசே கூடாதாம், சைன்ஸ் சொல்லுது" என்று பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் நிறைய. சான்றிதழ் இரண்டு பிரிவுக்கும் ஒரே சான்றிதழ்தான். கெடுத்தது 'இதைச் செய்தால் அது' என்ற பேரம். பேரம் பேசியதும் குழந்தையின் மனசு, நான் இதை ஏன் செய்கிறேன் என்ற கேள்விக்குப் புதிய பதில் ஒன்றைப் போட்டுக்கொள்கிறது, அந்தப் பதில் இல்லாமல் போனதும் வேலையையும் விட்டுவிடுகிறது.

இதில் சண்டை நடக்காமலும் இல்லை. 1994ல் ஜூடி கேமரன், டேவிட் பியர்ஸ் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பரிசால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை என்றார்கள். 1999ல் டெசி தரப்பு 128 ஆய்வுகளை எடுத்து வைத்துப் பதில் சொன்னது: முன்கூட்டிச் சொல்லிக் கையில் கொடுக்கும் பரிசுகள் ஆர்வத்தைக் குறைக்கின்றன, மனசாரச் சொல்லும் பாராட்டு கூட்டுகிறது. இன்னொன்றும் அதில் உண்டு. முதலிலிருந்தே சலிப்பான வேலைக்குப் பரிசு கொடுத்தால் பெரிதாக ஒன்றும் கெடுவதில்லை. கெடுவதற்கு அங்கே ஆர்வம் இருந்தால்தானே!

உள்ளே வந்து உட்கார்ந்துகொண்ட நாலு பேர்

உள்ளே, வெளியே என்று இரண்டு பெட்டியில் வாழ்க்கை அடங்காது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. டெசியும் ரிச்சர்ட் ரையனும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இந்த இரண்டுக்கும் நடுவே பல படிகளை வைத்தார்கள். அதைப் புரிந்துகொள்ள, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களால் அது நிரம்பி வழியும். அங்கே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பார்க்கிறவர்களுக்கு அவர் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் தெரியும்.

வீட்டில் இருந்தால் அப்பா கத்துவார் என்பதற்காக அவர் வந்திருக்கலாம். அது அப்பட்டமான வெளி ஊக்கம், அப்பா ஊருக்குப் போன அன்று நூலகப் பக்கம் ஆளே வரமாட்டார். இல்லை, "சித்தி பையன் பாஸ் பண்ணிட்டான், நான் இன்னும் இப்படியே இருக்கேன்" என்ற குறுகுறுப்பில் வந்திருக்கலாம். இப்போது கத்துவதற்கு வெளியே யாரும் இல்லை, ஆனால் வேலை அதே வேலைதான். அல்லது, தாசில்தார் அலுவலகத்தில் ஒரு வேலை கிடைத்தால் கடனை அடைத்து நிம்மதியாக இருக்கலாம், அது எனக்கு வேண்டும் என்று தெளிவாக முடிவுசெய்து வந்திருக்கலாம். படிப்பு பிடிக்கிறதோ இல்லையோ, காரணம் அவருடையது. அதையும் தாண்டி, அரசு வேலையில் இருந்து மக்களுக்கு நாலு நல்லது செய்வதுதான் தன் வாழ்க்கை என்று அது அவர் குணத்தோடே கலந்துபோயிருக்கலாம். கடைசியாக, கீழடியைப் பற்றிய பாடத்தைப் படித்துவிட்டு, தேர்வையே மறந்து, ரேக்கில் போய் அது பற்றிய வேறு புத்தகங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். இந்தக் கடைசிதான் சுத்தமான உள்ளார்ந்த ஊக்கம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது படி. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதில் வருகிற அந்த நாலு பேர் தெருவிலிருந்து எழுந்து வந்து நம் மண்டைக்குள் பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். குரல் உள்ளேயிருந்து கேட்பதால் அதை நம் சொந்த ஊக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். மோட்டிவேஷன் வீடியோக்களில் பெரும்பாலானவை தீனி போடுவது இதற்குத்தான் என்பது என் கணிப்பு: "உன்னைக் கேவலமாகப் பார்த்தவன் முன்னாடி ஜெயிச்சுக் காட்டு!" பின்னணியில் டிரம்ஸ், நமக்கு முடி சிலிர்க்கும், ராத்திரி பதினோரு மணிக்கு டைம்டேபிள் போடுவோம். அது வேலை செய்யாது என்று சொல்லவில்லை, கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். ஆனால் படிக்கும்போது பாடத்தில் பாதிக் கவனம்தான் இருக்கும், மீதிக் கவனம் கல்யாண வீட்டில் யார் முன்னால் எப்படி நிற்கப்போகிறோம் என்பதில். ஒரு மாடல் டெஸ்டில் மார்க் குறைந்தால், எங்கே தவறு செய்தோம் என்று பார்க்கத் தோன்றாது, நான் எதற்கும் லாயக்கில்லை என்றுதான் தோன்றும். சரி, ஜெயித்தே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். கேவலமாகப் பார்த்த மாமா வந்து "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். அப்புறம்?

மூன்றாவது படியைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள், அதுவும் தவறு. பாடம் இனிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இது எனக்கு வேண்டும், அதனால் செய்கிறேன் என்று தானே ஒப்புக்கொண்ட காரணம் வருடக்கணக்கில் தாங்கும்.

ராமானுஜனிடம் இருந்தது என்ன?

உள்ளார்ந்த ஊக்கத்துக்கு நம் ஊரில் எல்லாரும் காட்டும் ஆள் கணிதமேதை ராமானுஜன். சரியான ஆள்தான், ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணக்கைத் தவிர வேறெதிலும் மனசு போகவில்லை, ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் தேர்வில் தோல்வி. மார்க் வராது, வேலை வராது என்று தெரிந்த பின்பும் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் சம்மணம் போட்டு, மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதி எழுதி முழங்கையால் அழித்தார். தாள் வாங்கக் காசு ஏது? கிடைத்த முடிவை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்வார்.

டெசி, ரையன் இருவரும் இந்த மாதிரி ஆர்வம் உயிரோடு இருக்க மூன்று விஷயங்கள் வேண்டும் என்கிறார்கள். நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, கைவருகிறது என்ற உணர்வு, என்னையும் என் வேலையையும் மதிக்கிற யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு. ராமானுஜனை இதில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

அவரைப் பற்றவைத்த புத்தகம் ஒன்றும் பெரிய ஆய்வு நூல் இல்லை. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ட்யூஷன் எடுத்த கார் என்பவர் ஆயிரக்கணக்கான சூத்திரங்களைத் திரட்டிப் போட்ட தொகுப்பு, கிட்டத்தட்ட நம் ஊர் கைடு மாதிரிதான். ஆனால் அதில் நிரூபணங்கள் விரிவாக இருக்காது. இது எப்படி வந்தது என்று ஒவ்வொன்றையும் இவரே போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, போட்டுப் பார்த்தால் வந்தது, அடுத்ததும் வந்தது. தேர்வுக்காகவே எழுதப்பட்ட ஒரு சரக்குகூட ஒருவர் கையில் கிடைக்கிற விதத்தில் விளையாட்டாக மாறிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் விடை எழுதிய நோட்ஸ் கைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

பணம் என்று வரும்போது பாருங்கள். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் அவருக்கு மாதாமாதம் பண உதவி செய்தார். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஓய்வு நேரம், அதாவது சாப்பாட்டுக்கு அலையாமல் கணக்குப் போட நேரம். இத்தனை தேற்றத்துக்கு இவ்வளவு ரூபாய் என்ற பேச்சே அங்கே இல்லை. டெசியின் ஒரு டாலருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான், ஒன்று வேலைக்கு விலை போட்டது, இன்னொன்று வேலை செய்ய இடம் கொடுத்தது. பிறகு பிறர் தயவில் இருக்கப் பிடிக்காமல் 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார்.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதை எல்லாரும் சொல்வார்கள். பதில் கிடைத்ததும் பிப்ரவரியில் எழுதிய அடுத்த கடிதத்தில் இருப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. என் உழைப்பைப் பரிவோடு பார்க்கிற ஒரு நண்பரை உங்களிடம் கண்டேன் என்று எழுதுகிறார். நான் பாதிப் பட்டினி ஆள், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குச் சாப்பாடு வேண்டும், அதுதான் முதல் கவலை என்ற பொருளிலும் எழுதுகிறார். உலகமே எதிர்த்தாலும் தனியாக எரிந்த தீபம் என்று நாம் அவரை வர்ணிக்கிறோம், அவரோ சோறும் வேண்டும், புரிந்துகொள்ள ஒரு ஆளும் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார். ஆகவே, உள்ளே நெருப்பு இருந்தால் எதுவும் தேவையில்லை என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். குறிப்பாக, சம்பள உயர்வு கேட்கும்போது "உனக்கு வேலை மேல பேஷன் இல்லையா?" என்று கேட்கிற மேனேஜர் பேசினால் சுத்தமாக நம்பாதீர்கள். நியாயமான சம்பளம் இல்லாமல் இருப்பதே ஆர்வத்தைக் கொல்ல நல்ல வழி.

சரி, நான் என்ன செய்ய?

நேராக உள்ளார்ந்த ஊக்கத்தை வரவழைக்க முடியாது, தூங்கு தூங்கு என்று சொன்னால் தூக்கம் வராத கதைதான். அது வருகிற சூழ்நிலையைத்தான் சரிசெய்ய முடியும்.

முதலில், வேலையில் உட்காரும்போது மனசுக்குள் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு பெயர் வந்தால், அதாவது சித்தி பையன், பழைய ஹெச்ஓடி, முன்னாள் காதலி என்று யாராவது வந்தால், நீங்கள் அந்த இரண்டாவது படியில் இருக்கிறீர்கள். அந்தப் பெயரை எடுத்துவிட்டாலும் இது எனக்கு வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டும் என்றால் நல்லது, வேண்டாம் என்று வந்தால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம்: சொந்தத் தேர்வு என்றால் பெற்றோர் பேச்சை மீறுவது என்று அர்த்தம் இல்லை. அம்மா சொன்ன படிப்பை, யோசித்து, சரிதான் என்று மனசார ஏற்றுக்கொண்டு படிக்கிறவர் அதைத் தன் விருப்பமாகத்தான் படிக்கிறார். அம்மாவை எதிர்ப்பதற்காகவே வேறு கோர்ஸ் எடுப்பவர்தான், பாவம், இன்னும் அம்மாவின் பிடியில் இருக்கிறார்.

பாடத்திட்டம், டெட்லைன் எல்லாம் உங்கள் கையில் இல்லாவிட்டாலும் எதை முதலில் எடுப்பது, எங்கே உட்காருவது, எப்படிச் செய்வது என்பதில் கொஞ்சம் இடம் இருக்கும், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை கைவரும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாலு பக்கம் புரட்டியும் ஒரு வரி புரியவில்லை என்றால் உங்களிடம் ஊக்கம் இல்லை என்று அர்த்தம் இல்லை, புத்தகம் இரண்டு வகுப்பு மேலே இருக்கிறது. வெட்கப்படாமல் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள், விஷயம் பிடிபடும்போது வருகிற அந்தச் சின்ன சந்தோஷம் இல்லாமல் எந்த ஆர்வமும் வளராது. செய்ததைக் காட்ட ஒரு ஆள் வேண்டும், ஸ்டேட்டஸ் பார்க்கிற முந்நூறு பேர் அல்ல, "இது எப்படிப் போட்ட?" என்று கேட்கிற ஒருவர்.

எண்ணிக்கையில் ஜாக்கிரதையாக இருங்கள். மொழி கற்கும் ஆப்பில் தினமும் விடாமல் வந்தால் ஒரு கணக்கு ஏறும். ஜப்பானியம் பிடித்துப்போய் ஆரம்பித்தவர், கொஞ்ச காலத்தில் அந்தக் கணக்கு அறுந்துவிடக்கூடாதே என்று ராத்திரி 11:58க்கு ஏற்கனவே தெரிந்த சுலபமான பாடத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தூங்குவார். ஒருநாள் அறுந்தது என்றால் ஆப்பையே தூக்கிவிடுவார். பழக்கம் உண்டாக்க அது உதவும், மறுக்கவில்லை, ஆனால் எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவிப்பதை 2017ல் அரசு நிறுத்தியது, நல்ல காரியம். ஃப்ளெக்ஸ் அடிப்பவர்கள் நிறுத்தவில்லை, வீடுகளும் நிறுத்தவில்லை. "ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தா சைக்கிள்" என்பது ஸ்டான்ஃபோர்ட் குழந்தைகளிடம் பேசிய அதே பேரம். சைக்கிள் வாங்கிக் கொடுக்க ஆசையா, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுங்கள், ரேங்க் எதற்கு நடுவில்? பாராட்டும்போதும் "சமத்து, கெட்டிக்காரி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட "யானையோட காது நிஜமாவே ஆடற மாதிரி இருக்கே, எப்படி வரைஞ்ச?" என்று கேட்டால் குழந்தை அரைமணி நேரம் விளக்கம் சொல்லும், பொறுமையாகக் கேட்கத் தயாராக இருங்கள்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் கழுவுவது, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது, பழைய பில்களை அடுக்குவது போன்றவற்றில் உள் ஆர்வத்தைத் தேடி உட்கார்ந்திருந்தால் பாத்திரம்தான் காயும். இவற்றுக்குத் தாராளமாக லஞ்சம் கொடுத்துக்கொள்ளலாம்: முடித்தால் ஒரு காபி, கழுவும்போது காதில் இளையராஜா. ஏற்கனவே ஆர்வம் இல்லாத இடத்தில் பரிசு எதையும் கெடுப்பதில்லை என்றுதான் அந்த 128 ஆய்வுகளின் தொகுப்பும் சொல்கிறது.